கையசைத்துப் பேசும் தங்கத் தவளை... காட்டில் இப்போது இல்லை!

ஆகஸ்ட் 14-ம் தேதி பனாமா நாட்டில் ஒரு தவளைக்கு விழா எடுக்கிறார்கள். அன்று 'தேசியத் தங்கத் தவளை நாள்'. மஞ்சள் நிறத்தில் கறுப்புப் புள்ளிகளுடன் பளபளக்கும் இந்தத் தவளையைப் பார்த்தாலே அதிர்ஷ்டம் என்பது அந்த ஊர் நம்பிக்கை. லாட்டரிச் சீட்டிலும் டி-ஷர்ட்டிலும் கைவினைப் பொம்மைகளிலும் அதன் உருவம்தான். உலோகக்கலை தெரிந்த பழங்குடி மக்கள் அந்தக் காலத்திலேயே தங்கத்தில் தவளை செய்து கழுத்தில் அணிந்திருக்கிறார்கள்.

ஆனால், அந்தத் தவளையைப் பார்க்க வேண்டும் என்று பனாமாவின் மலைக்காட்டுக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 2009-ம் ஆண்டுக்குப் பிறகு காட்டில் அதைப் பார்த்ததற்கு உறுதியான தகவல் இல்லை. இன்று அது கண்ணாடித் தொட்டிகளுக்குள்தான் உயிர் வாழ்கிறது.

கட்டைவிரல் நீளமே உள்ள இந்தத் தவளைக்கு ஒரு விசேஷப் பழக்கம் உண்டு. அது வாழும் மலை ஓடைகளில் தண்ணீர் இரைச்சல் அதிகம். கத்தினால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காது. அதனால் முன்னங்காலைத் தூக்கி மெல்ல ஆட்டும். எதிரே வரும் ஆணுக்கு 'இது என் இடம்' என்று சொல்லவும், பெண்ணைக் கூப்பிடவும் இந்தச் சைகைதான். பார்ப்பவர்களுக்கு யாரோ 'டாட்டா' காட்டுவதுபோல் இருக்கும்.

குட்டி நாடுகள்... கொட்டிக் கிடக்கும் உயிர்கள்!

வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் ஒல்லியான நிலப்பகுதிதான் மத்திய அமெரிக்கா. ஒருபக்கம் பசிபிக் கடல், மறுபக்கம் கரீபியன் கடல், நடுவில் மேகம் உரசும் மலைகள். சில மணி நேரப் பயணத்தில் வெயில் கொளுத்தும் கடற்கரையிலிருந்து குளிர் நடுக்கும் மேகக்காட்டுக்குப் போய்விடலாம். ஒவ்வொரு உயரத்துக்கும் தனித்தனி உயிரினங்கள். கோஸ்டாரிகா என்ற சின்ன நாட்டில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட நீர்நில வாழ்வனவும், 200-க்கும் மேற்பட்ட ஊர்வனவும் இருக்கின்றன.

ஒவ்வொன்றும் ஒரு அதிசயம். பாஸிலிஸ்க் என்ற ஓணான் வகை, எதிரி துரத்தினால் பின்னங்கால்களில் எழுந்து தண்ணீரின்மேல் ஓடும். அதனால் அதற்கு 'இயேசு கிறிஸ்து பல்லி' என்றே செல்லப்பெயர். ஸ்ட்ராபெரி விஷத்தவளை இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். அம்மாத் தவளை தன் தலைப்பிரட்டைகளை முதுகில் சுமந்து மரமேறும். செடிகளின் இலை இடுக்கில் தேங்கியிருக்கும் மழைநீரில் ஒவ்வொன்றாக விடும். பிறகு சில நாள்களுக்கு ஒருமுறை அங்கே வந்து, கருவுறாத முட்டையை இட்டு அதையே குழந்தைக்கு உணவாகக் கொடுக்கும்.

கண்ணாடித் தவளையின் கதை இன்னும் ஆச்சர்யம். பகலில் இலையில் தூங்கும்போது உடல் கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ரத்தம் சிவப்பாயிற்றே, அது தெரியாதா? 2022-ல் விஞ்ஞானிகள் விடை கண்டுபிடித்தார்கள். தூங்கும்போது ரத்தச் சிவப்பணுக்களில் 90 சதவிகிதம் வரை கல்லீரலுக்குள் ஒளித்து வைத்துக்கொள்கிறது! அத்தனை அணுக்கள் நெருக்கியடித்தும் ரத்தம் உறைவதில்லை. ரத்தக்கட்டு பற்றி ஆராயும் மருத்துவர்களுக்கும் இது பாடம்.

சிவந்த கண் மரத்தவளை தண்ணீருக்கு மேலே தொங்கும் இலையில் முட்டையிடும். குஞ்சு பொரிக்க ஆறேழு நாளாகும். ஆனால் நடுவில் பாம்பு வந்து முட்டைகளைக் கவ்வினால், நான்கு நாள் வளர்ந்த கருகூட அவசரமாக உடைத்துக்கொண்டு வெளியே வந்து 'தொபுக்'கென்று தண்ணீரில் குதித்துவிடும். மழை அடித்தாலும் இலை ஆடும்தானே? அதற்கெல்லாம் அது அசையாது. மழையின் அதிர்வையும் பாம்பின் அதிர்வையும் முட்டைக்குள் இருந்தே பிரித்து அறிகிறது!

இப்படிப்பட்ட காட்டில்தான் சத்தமில்லாமல் ஒரு பேரழிவு நடந்தது.

1,500... அடுத்த வருடம் ஒன்று!

கோஸ்டாரிகாவின் மான்டேவெர்டே மேகக்காட்டில் தங்கத் தேரை என்று ஓர் இனம் இருந்தது. பனாமாவின் தங்கத் தவளை வேறு, இது வேறு. ஆண் தேரை முழுக்க முழுக்க ஆரஞ்சு நிறம். 1960-களில் இதை முதலில் பார்த்த விஞ்ஞானி ஜே சாவேஜ், யாரோ பெயின்ட்டில் முக்கி எடுத்துவிட்டார்களோ என்றே சந்தேகப்பட்டாராம். வருடம் முழுவதும் மண்ணுக்கடியில் மறைந்திருக்கும் இவை, கோடை மழை தொடங்கியதும் சில நாள்கள் மட்டும் வெளியே வரும். மர வேர்களுக்கிடையே தேங்கிய குட்டைகளில் கூடி முட்டையிட்டுவிட்டு மறுபடி மறைந்துவிடும்.

1987-ல் மார்த்தா கிரம்ப் என்ற ஆய்வாளர் அந்தக் குட்டைகளில் 1,500-க்கும் அதிகமான தேரைகளைப் பார்த்தார். அடுத்த வருடம் அதே இடத்தில் ஒன்றே ஒன்று. 1989 மே மாதம் மீண்டும் ஒரே ஓர் ஆண் தேரை, துணைக்காகக் காத்திருந்தது. அதோடு சரி. அதற்குப் பின் இன்றுவரை யார் கண்ணிலும் படவில்லை. 2004-ல் இந்த இனம் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

வேட்டையாடியதில்லை. காட்டை வெட்டியதுமில்லை. பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள்ளேயே நடந்த மரணம் என்பதுதான் விஞ்ஞானிகளை உலுக்கியது. அந்த ஆண்டுகளின் கடும் வறட்சி ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இன்னொரு காரணம் தெரியவர பத்து வருடங்கள் ஆயின.

தோலைத் தின்னும் எமன்

கேரன் லிப்ஸ் என்ற இளம் ஆய்வாளர் 1990-களின் தொடக்கத்தில் கோஸ்டாரிகாவின் தென்கோடி மலைகளில் தவளைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். சில காலம் கழித்துத் திரும்பி வந்தபோது அங்கே தவளைகளே இல்லை. சரியென்று எல்லை தாண்டி பனாமாவின் ஃபோர்ச்சுனா மலைக்குப் போனார். 1996, 1997-ல் அங்கேயும் ஓடையோரமெங்கும் செத்த தவளைகள்.

1998-ல் குற்றவாளி பிடிபட்டது. கைட்ரிட் என்ற வகையைச் சேர்ந்த, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை! மறுவருடம் அதற்கு அறிவியல் பெயரும் வைத்தார்கள்.

தவளைக்குத் தோல் என்பது வெறும் போர்வை அல்ல. தண்ணீர் குடிப்பது தோல் வழியாக. மூச்சில் ஒரு பங்கும் தோல் வழியாக. உடலுக்குத் தேவையான சோடியம், பொட்டாசியம் உப்புகளைச் சமநிலையில் வைத்திருப்பதும் தோல்தான். பூஞ்சை அந்தத் தோலில் குடியேறியதும் தோல் தடித்துப்போகிறது. ரத்தத்தில் உப்பின் அளவு குறைகிறது. கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது.

இந்தப் பூஞ்சைக்குக் குளிர்ச்சியும் ஈரமும் பிடிக்கும். அதனால்தான் வெப்பமான சமவெளியைவிட மலை ஓடைகளில் சாவு அதிகம். தண்ணீரில் நீந்திப் பரவக்கூடிய வித்துகள் அதற்கு உண்டு. தலைப்பிரட்டைகளுக்கு வாய்ப்பகுதியில் மட்டுமே தொற்றும் என்பதால் அவை பிழைத்துக்கொள்ளும். ஆனால் வளர்ந்து தவளையானதும் மாட்டிக்கொள்ளும்.

எங்கிருந்து வந்தது இது? 2018-ல் வெளியான மரபணு ஆய்வு, இதன் பூர்வீகம் கிழக்கு ஆசியா என்கிறது. உணவுக்காகவும் செல்லப்பிராணியாகவும் தவளைகளைக் கண்டம் விட்டுக் கண்டம் ஏற்றுமதி செய்த மனிதர்களே இதையும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் இந்தப் பூஞ்சை கண்டறியப்பட்டிருக்கிறது. நல்லவேளையாக, பனாமாவில் நடந்ததுபோன்ற கூட்டச் சாவு இங்கே பதிவாகவில்லை.

ஹோட்டல் ரூமில் தவளைகள்!

மேற்கிலிருந்து கிழக்காக, மலைக்கு மலை தாவி வந்தது நோய். அடுத்து எந்த ஊர் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. தடுக்கத்தான் முடியவில்லை. எல் கோப்பே மலையில் லிப்ஸ் குழுவினர் நோய் வருவதற்கு முன்பே கணக்கெடுத்துக் காத்திருந்தார்கள். 2004-ல் அங்கும் வந்தது. சில மாதங்களில் தவளைகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. மொத்தம் 30 இனங்கள் அந்த இடத்தைவிட்டே காணாமல்போயின. அவற்றில் சிலவற்றுக்கு அப்போது அறிவியல் பெயர்கூட வைத்திருக்கவில்லை. ஊர் பேர் தெரியாமல் போவது என்பார்களே, அதுதான் இது.

அடுத்த ஊர் எல் வாயே. தங்கத் தவளையின் சொந்த ஊர். பழைய எரிமலை வாய்க்குள் அமைந்த அழகான சுற்றுலாத்தலம். அங்கே எட்கார்டோ கிரிஃபித், ஹைடி ராஸ் என்ற தம்பதி ஆய்வாளர்கள் தவளைகளுக்கென ஒரு காப்பகம் கட்டும் முயற்சியில் இருந்தார்கள். கட்டடம் முடிவதற்குள் 2006-ல் நோய் வந்துவிட்டது. என்ன செய்வது? உள்ளூர் ஹோட்டலில் அறை எடுத்தார்கள். இரவெல்லாம் டார்ச் லைட்டோடு ஓடை ஓடையாக அலைந்து தவளைகளைப் பிடித்து, மருந்துக் குளியல் கொடுத்து, அறைக்குள் பெட்டி பெட்டியாக அடுக்கினார்கள்.

அதற்குப் பின் காப்பகம் தயாரானது. தங்கத் தவளைகள் அங்கே குடியேறின. அமெரிக்காவின் பால்டிமோர் உள்ளிட்ட சில உயிரியல் பூங்காக்களிலும் இவை முட்டையிட்டுப் பெருகுகின்றன. ஆனால் சொந்த ஓடை பக்கத்திலேயே இருந்தும் அவற்றைத் திறந்துவிட முடியாது. எமன் இன்னும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறான்.

கடைசிக் குரல்

எல்லாக் குடும்பத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2005-ல் எல் வாயே காட்டில் ஒரு பெரிய மரத்தவளையைக் கண்டுபிடித்தார்கள். மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிப் பறக்கும் அளவுக்கு விரலிடைச் சவ்வு. இந்த இனத்தில் குழந்தை வளர்ப்பு அப்பாவின் பொறுப்பு. மரப்பொந்தில் தேங்கிய நீரில் அப்பா அமர்ந்துகொள்ள, தலைப்பிரட்டைகள் அவர் தோலையே சுரண்டித் தின்று வளரும்!

இந்தத் தவளைக்கு ராப்ஸ் மரத்தவளை என்று 2008-ல் பெயர் வைத்தார்கள். அதற்குள் காட்டில் அதன் குரல் ஓய்ந்துவிட்டது. அமெரிக்காவின் அட்லாண்டாவுக்குக் கொண்டுவரப்பட்ட சிலவும் ஒவ்வொன்றாக இறந்தன. 2012-க்குப் பின் மிச்சம் ஒரே ஓர் ஆண். பராமரித்தவரின் சின்ன மகன் அதற்கு 'டஃபி' என்று பெயர் வைத்தான்.

அட்லாண்டா தாவரவியல் பூங்காவில் வருடக்கணக்கில் மௌனமாகவே இருந்த டஃபி, 2014-ல் திடீரென்று குரல் கொடுத்தது. ஆண் தவளை கத்துவது பெண்ணைக் கூப்பிட. அந்த அழைப்புக்குப் பதில் சொல்ல உலகில் எங்கேயும் ஒரு பெண் தவளை இல்லை. அந்தக் குரலைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். 2016 செப்டம்பர் 26-ம் தேதி டஃபி இறந்தது.

தவளை போனால் நமக்கென்ன?

இந்தக் கேள்விக்கும் மத்திய அமெரிக்காவே பதில் சொல்கிறது. எல் கோப்பேயில் தவளைகள் இருந்தபோது 30 வகைப் பாம்புகளைப் பார்த்தார்கள். தவளைகள் போன பிறகு 21 வகைதான் கண்ணில் பட்டன. பல பாம்புகள் மெலிந்து கிடந்தன. பூஞ்சை பாம்பைத் தொடவில்லை. பசிதான் கொன்றது.

அடுத்தது மனிதன். தலைப்பிரட்டைகளும் தவளைகளும் கொசுவின் எண்ணிக்கையைக் குறைப்பவை. கோஸ்டாரிகா, பனாமா இரண்டிலும் தவளைகள் அழிந்த பகுதிகளையும் மலேரியா கணக்கையும் ஒப்பிட்டு 2022-ல் ஓர் ஆய்வு வெளியானது. தவளைகள் மறைந்த சில ஆண்டுகளில் மலேரியா கூடியிருந்தது. உச்சத்தில், ஆயிரம் பேருக்குக் கூடுதலாக ஏறக்குறைய ஒருவர். யாரோ ஒரு கிராமத்துக் குழந்தைக்கு வந்த காய்ச்சலுக்கும், மலை ஓடையில் செத்து மிதந்த தவளைக்கும் அப்படியொரு முடிச்சு!

உலக அளவில் இந்தப் பூஞ்சையால் 501 இனங்கள் குறைந்திருக்கின்றன என்றும், அவற்றில் 90 அழிந்தே போயிருக்கலாம் என்றும் 2019-ல் கணக்கிட்டார்கள். வேறெந்த ஒற்றை நோயும் இத்தனை உயிரினங்களைப் பாதித்ததாகப் பதிவில்லை.

மறுபடி கேட்கும் சத்தம்

ஆனாலும் கதை இங்கே முடியவில்லை. கோஸ்டாரிகாவில் ஒழிந்தேவிட்டது என்று நினைத்த ஹார்லிகின் தவளை 2003-ல் ஓர் ஓடையோரம் மீண்டும் தென்பட்டது. பனாமாவிலும் சில இனங்கள் மெதுவாகத் தலைகாட்டுகின்றன. 2018-ல் வெளியான ஆய்வில் ஒரு சுவாரஸ்யம் தெரியவந்தது. பூஞ்சை கொஞ்சமும் பலவீனம் அடையவில்லை. ஆனால் பிழைத்த சில தவளைகளின் தோல் சுரப்பு, முன்பைவிட நன்றாக அதை எதிர்க்கிறது. அதாவது, தவளைகள் தாமாகவே போராடக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

காப்பகங்களில் வளர்ந்த ஹார்லிகின் தவளைகள் சில நூறை 2017, 2018-ல் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். சிலவற்றின் இடுப்பில் குட்டி டிரான்ஸ்மிட்டர்கூடக் கட்டினார்கள். எது பிழைக்கிறது, எங்கே பிழைக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்து தங்கத் தவளையின் முறை வரும்.

அதுவரை காப்பகத்தில் தினமும் அதே வேலைதான். தொட்டி கழுவ வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், பூச்சி வளர்த்துத் தீனி போட வேண்டும். விழா வருடத்துக்கு ஒருநாள் வந்து போகும். காப்பகக்காரர்களுக்கு மட்டும் விடுமுறையே கிடையாது. காட்டு ஓடையில் தங்கத் தவளை மறுபடி கை ஆட்டுமானால், அது இவர்கள் கழுவிய தொட்டிகளில் இருந்து போனதாகத்தான் இருக்கும்.