ஏழாம் கிளாஸ் ப்ராஜெக்ட் என்ன விலை?

‘அண்ணே, மழைநீர் சேகரிப்பு ஒண்ணு, செரிமான மண்டலம் ஒண்ணு, தேசத் தலைவர்கள் ரெண்டு!’

டிபன் ஆர்டர் மாதிரி இருக்கா? ஸ்கூல் விடுற நேரத்துல ஏதாவது ஒரு ஸ்டேஷனரி கடை வாசல்ல நின்னு பாருங்க பாஸ். நடுநிலைப் பள்ளி ப்ராஜெக்ட் பிறக்கிற இடம் அதுதான். கடைக்காரர் படத்தை பிரின்ட் போடுவார். அப்பா வெட்டுவார், அம்மா ஒட்டுவாங்க, அக்கா ஸ்கெட்ச் பேனாவால தலைப்பு எழுதுவா. பேர் மட்டும் பையனோடது!

வசதியான வீட்டுல இது தமாஷ். தினக்கூலி வீட்டுல? சார்ட், தெர்மாகோல், கலர் பிரின்ட்னு கணக்குப் போட்டா, ராத்திரி அடுப்புக்கு வேண்டிய காசு ப்ராஜெக்ட்டுக்குப் போயிடும். ஆக, வாங்க முடியாத பிள்ளைக்கு மார்க் போச்சு; வாங்கின பிள்ளைக்குப் பாடம் போச்சு.

இவ்வளவுக்கும், மனப்பாட பாரத்தைக் குறைக்கணும்னுதான் 2012-ல் தமிழ்நாட்டுல முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்துச்சு. 100 மார்க்குல 40 வளரறி மதிப்பீட்டுக்கு. அதில் பாதி, பிள்ளைங்க தாங்களே செய்து பார்க்கிற செயல்பாடுகளுக்கு. நல்ல எண்ணம்தான். ஆனா ‘செய்து பார்’ங்கிறது எப்படியோ ‘வாங்கிட்டு வா’ன்னு மாறிப்போச்சு.

காசே இல்லாம ப்ராஜெக்ட் பண்ண முடியுமா? முடியும்னு அடிச்சுச் சொல்றார் மதுரைக்குப் பக்கத்துல ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் அறிவியல் சார். ‘ஒரு ரூபாகூடச் செலவு பண்ணக் கூடாது’ - இதுதான் ஏழாம் வகுப்புக்கு அவர் போட்ட ஒரே கண்டிஷன். ஒரு வாரம் கடைசி பெஞ்சுல இடம் பிடிச்சோம். அந்த அஞ்சு நாள் ரிப்போர்ட் இதோ...

திங்கள்: நூல் மாதிரி ஒழுகுது!

பாடம், அளவீட்டியல். வேப்பிலையைக் கட்டம் போட்ட தாள்ல வெச்சு, சுத்தி வரைஞ்சு, கட்டத்தை எண்ணிப் பரப்பளவு கண்டுபிடிக்கிறாங்க. அடுத்து கன அளவு. சார் கேட்டார்: ‘நம்ம ஸ்கூல்ல அளக்காம கிடக்கிறது என்ன?’ சுவர், மரம், பெஞ்சுன்னு ஆளாளுக்குக் கத்த, ஒரு பொண்ணு மட்டும், ‘கை கழுவுற குழாய் சார். மூடினாலும் நூல் மாதிரி ஒழுகுது’ன்னா. ப்ராஜெக்ட் ரெடி!

செலவு? காலி தண்ணி பாட்டில் ஒண்ணு, சாரோட வாட்ச் ஒண்ணு.

செவ்வாய்: மூணு பேர், மூணு விடை

ஒரு லிட்டர் பாட்டில் நிறைய எவ்வளவு நேரம் ஆகுது? காலையில அளந்த குரூப், 46 நிமிஷம். மதியம் அளந்தவங்களுக்கு 49. சாயங்காலம் 55. கிளாஸ்ல ஒரே களேபரம். ‘நீங்க தப்பா பார்த்தீங்க’, ‘உங்க பாட்டில்தான் ஓட்டை’ன்னு சண்டை.

சார் விடையைச் சொல்லலை. ‘காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவுல என்னடா மாறுச்சு?’ன்னு மட்டும் கேட்டார். அஞ்சு நிமிஷம் அமைதி. அப்புறம் ஒரு பையன் எழுந்து, ‘காலையில மோட்டார் போட்டா டேங்க் நிறைஞ்சிருக்கும். போகப் போகக் குறையும். மேல தண்ணி குறைஞ்சா கீழே வேகமும் குறையும் சார்’னான்.

இன்ஜினீயரிங் பசங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல நாம ‘ஹெட்’னு ஃபார்முலா போட்டுப் படிச்ச அதே சங்கதி. பயலுக்கு அந்த வார்த்தை தெரியாது. விஷயம் தெரிஞ்சுபோச்சு!

புதன்: கணக்கு, தமிழ், பாட்டி

சராசரி 50 நிமிஷம். ஒரு நாளைக்கு 1,440 நிமிஷம். வகுத்தா 28.8 லிட்டர். 30 நாளைக்கு 864 லிட்டர். போர்டுல எண்ணைப் பார்த்து எல்லாரும் வாய் பிளக்க, முதல் பெஞ்சிலேர்ந்து ஒரு குரல்: ‘ராத்திரி யாரு சார் அளந்தா?’

சார் சிரிச்சுட்டே 864-க்கு முன்னாடி ‘தோராயமா’ன்னு எழுதினார். நம்ம ரிப்போர்ட்ல எத்தனை பேர் அந்த வார்த்தையை எழுதுறோம் நண்பர்களே?

தமிழ் பீரியட்ல, தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதுற பயிற்சிக்கு இந்தக் குழாயே விஷயமாச்சு. சமூக அறிவியல் டீச்சர், ‘குழாய் வர்றதுக்கு முன்னாடி ஊர்ல தண்ணி எங்கே எடுத்தாங்க, பாட்டிகிட்ட கேட்டுட்டு வாங்க’ன்னாங்க. ஊருணி, கிணறு, இறவைன்னு நோட்டு நிறைஞ்சது. ஒரே குழாய், நாலு பாடம்!

வியாழன்: தெர்மாகோல் வீடு

கண்டிஷனை மீறி ஒருத்தன் கடையில வாங்கின மழைநீர் சேகரிப்பு வீட்டோட வந்தான். பச்சைப் புல், சிவப்பு ஓடு, ஸ்ட்ரா குழாய்... பார்க்க பளபளன்னு இருந்துச்சு. சார் திட்டலை. ஒரு டம்ளர் தண்ணியைக் கொடுத்து, ‘மழை பெய்யட்டும்பா’ன்னார். ஊத்தினான். தண்ணி ஸ்ட்ரா பக்கமே போகலை. சாயம் கரைஞ்சு புல்தரை சிவப்பாச்சு!

கிளாஸ் சிரிச்சுது, அவன் முகம் சுருங்கிப்போச்சு. சார் அவனையும் கூட்டிக்கிட்டு ஸ்கூல் பின்பக்கம் போனார். 2003-ல் தமிழ்நாட்டுல கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாச்சே, அப்போ வெச்ச குழாய் ஒண்ணு மொட்டை மாடியிலேர்ந்து இறங்குது. அது எங்கே போய் முடியுதுன்னு கண்டுபிடிக்கிறது இப்போ அவன் வேலை. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிச்சும் பய நகரலை.

வெள்ளி: ரெண்டு குடம் தண்ணி

கையால கோடு போட்ட நோட்டுத்தாள், அதுல ஒரு அட்டவணை. அவ்வளவுதான் ப்ராஜெக்ட். தலைமையாசிரியை முன்னாடி படிச்சாங்க. ‘28.8 லிட்டர்’னதும் சத்துணவு ஆயா எட்டிப் பார்த்து, ‘அப்போ தினம் ரெண்டு குடமா தெருவுல போகுது?’ன்னாங்க. அந்த ஒரு வரியில காரியம் முடிஞ்சது. பிளம்பர் வந்தார், வாஷர் மாத்தினார், போனார்.

பிள்ளைங்க விடலை. திரும்ப வாட்சைப் பிடிச்சாங்க. நூல் நின்னுபோச்சு, ஆனா நிமிஷத்துக்கு மூணு சொட்டு. ‘ஒரு நாளைக்கு எவ்வளவு சார்?’ அடுத்த திங்களுக்கான வேலை கிடைச்சாச்சு!

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்...

* 1918-ல் வில்லியம் கில்பாட்ரிக் என்ற அமெரிக்கக் கல்வியாளர், ப்ராஜெக்ட் முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளை தானே மனசார விரும்பிச் செய்யணும்ங்கிறதுதான் அதோட உயிர்.

* 1972-ல் மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. 6 முதல் 8-ம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து, தங்கள் விடையைத் தாங்களே எழுதுவார்கள். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம்! 2002-ல் மாநில அரசு அதை நிறுத்தியது. கான்பூர் ஐ.ஐ.டி-யில் படித்த அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் வைத்துப் பொம்மைகள் செய்ய ஆரம்பித்தது இங்கேதான். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார்.

* 2022 நவம்பரில் தமிழக அரசு, 6 முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கிற அரசுப் பள்ளி மாணவர்களுக்காக ‘வானவில் மன்றம்’ தொடங்கியது. சோதனைப் பொருட்களோடு கருத்தாளர்கள் பள்ளி தேடி வரும் திட்டம் இது.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். கடைசி செமஸ்டர் நெருங்கினா, ரெடிமேட் ப்ராஜெக்ட் சென்டர் நோட்டீஸை காலேஜ் கேட்லயே நீட்டுறாங்க. ரிப்போர்ட், மாடல், வைவா கேள்வி-பதில் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். ‘இது எங்கேடா ஆரம்பிச்சுது?’ன்னு யோசிச்சா, அந்த ஸ்டேஷனரி கடை வாசல்ல போய் நிக்குது. ஏழாம் கிளாஸ்ல மழைநீர் சேகரிப்பை வாங்கினவன், எட்டாவது செமஸ்டர்ல ரோபோவை வாங்குறான். விலைதான் ஏறியிருக்கு.

அந்த சார் ஒவ்வொரு குரூப்பையும் மூணே கேள்விதான் கேட்கிறார். ‘நீ என்ன அளந்த? அது ஏன் மாறுச்சு? அடுத்து என்ன பார்ப்ப?’

வைவாவுக்கு முன்னாடி இந்த மூணையும் நம்மளை நாமே கேட்டுப் பார்க்கலாம். பதில் வந்தா ப்ராஜெக்ட் நம்மளோடது. வரலைன்னா, பில்லை மட்டும் பத்திரமா வெச்சுக்கலாம்!