பாஸ்வேர்டைக் கேட்பது யார்?

கோவையில் ஆராய்ச்சி செய்யும் மாணவி ஒருத்தி மாநாட்டுக்காக ஜெர்மனி போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததுமே அவள் போனில் வைஃபை வந்துவிடுகிறது. விருந்தினர் படிவம் கிடையாது, யாரிடமும் கேட்க வேண்டியதும் இல்லை. அவள் படிக்கும் கல்லூரியும் அந்தப் பல்கலைக்கழகமும் எஜுரோம் வலையமைப்பில் சேர்ந்திருந்து, போனில் அதை முன்பே அமைத்திருந்தால் போதும்.

நெதர்லாந்தின் கிளாஸ் வீரங்கா 2002-இல் முன்வைத்த யோசனை இது. இன்று நூறு நாடுகளுக்கு மேல் பரவியிருக்கிறது. இந்தியாவில் இதைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான எர்நெட் நடத்துகிறது.

உள்ளே நடப்பது இதுதான். அவளுடைய பயனர் பெயர் மின்னஞ்சல் முகவரி போலவே இருக்கும். ஜெர்மனி சர்வருக்கு அவளைத் தெரியாது. '@' குறிக்குப் பின்னால் இருக்கும் பெயரை மட்டும் பார்த்து, கோரிக்கையைக் கைமாற்றிக் கைமாற்றி அவளது கல்லூரி சர்வருக்கு அனுப்பிவிடும். பாஸ்வேர்டு போவது, அவள் போனுக்கும் கல்லூரி சர்வருக்கும் நடுவே மறையாக்கம் செய்யப்பட்ட பாதையில். வழியில் இருக்கும் எவராலும் அதைப் படிக்க முடியாது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எஜுரோம் என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு ஹாட்ஸ்பாட்டைத் திறந்து வைக்கலாம். எதிரில் இருப்பது தன் கல்லூரி சர்வர்தானா என்று அதன் சான்றிதழைப் பார்த்துப் போன் உறுதிசெய்ய வேண்டும். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் 'சரிபார்க்க வேண்டாம்' என்று ஒரு தேர்வு இருந்தது. சீக்கிரம் இணைந்தால் போதும் என்று அதை அழுத்தியவர்கள் ஏராளம். அப்படி அழுத்தினால் மேலே சொன்ன பாதுகாப்பு முழுதும் வீண்.

வைஃபை பாஸ்வேர்டுதானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. பல பல்கலைக்கழகங்களில் மின்னஞ்சல், நூலகத்தின் ஆய்விதழ்கள், உயர்திறன் கணினி எல்லாவற்றுக்கும் அதே பாஸ்வேர்டுதான். 2018 மார்ச்சில் ஈரானின் மப்னா நிறுவனத்தோடு தொடர்புடைய 9 பேர் மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது. குற்றச்சாட்டின்படி அவர்களின் வழி இது: உங்கள் கட்டுரையைப் படித்தேன் என்று, பேராசிரியர் ஒருவருக்கு வேறொரு பேராசிரியர் எழுதுவதுபோல மின்னஞ்சல் வரும். அதிலுள்ள இணைப்பு, சொந்தப் பல்கலைக்கழகத்தின் லாகின் பக்கத்தைப் போலவே இருக்கும் போலிப் பக்கத்துக்குக் கொண்டுபோகும். இந்த வழியில் சுமார் 8,000 பேராசிரியர்களின் கணக்குகள் பறிபோயின, 31 டெராபைட்டுக்கு மேல் தரவு திருடப்பட்டது என்கிறது குற்றப்பத்திரிகை.

போலி ஹாட்ஸ்பாட், போலிப் பக்கம் இரண்டிலும் தவறுவது ஒரே இடத்தில்தான்: கேட்பவர் யார் என்று பார்க்காமல் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுவது. சைபர் பாதுகாப்பு படிக்க விரும்பும் மாணவருக்கு, கையிலிருக்கும் போனின் வைஃபை அமைப்பைவிட நல்ல முதல் பாடம் இல்லை என்பேன்.

எஜுரோம் பயன்படுத்துபவரா? இன்றே அந்த இணைப்பின் அமைப்பைத் திறந்து பாருங்கள். சான்றிதழும், உங்கள் கல்லூரி சர்வரின் டொமைன் பெயரும் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் இணைப்பை நீக்கிவிட்டு, கெட்எஜுரோம் செயலி வழியாகப் புதிதாக அமையுங்கள். அந்தச் செயலியில் உங்கள் கல்லூரியின் பெயர் இல்லாவிட்டால், கணினி மையத்துக்கு நேரில் போய்ச் சரியான அமைப்பைக் கேட்டு வாங்குங்கள்.