பாணும் பண்ணும்

கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து கண்டி நோக்கி வருவோரைப் பித்தளைக் கடைகளின் பளபளப்பால் வரவேற்கும் ஊர் பிலிமத்தலாவை. அங்கே மாலை வேளைகளில் பீத்தோவனின் இசை கேட்கும் என்றால் வெளியூர் அன்பர்கள் வியப்பார்கள். 1810-இல் அவர் இயற்றி, மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1867-இல் அச்சேறிய ‘எலிசாவுக்கு’ என்னும் சிறிய பியானோ இசைதான் அது. முச்சக்கர வண்டியில் பாண் விற்பவர்கள் அதை ஒலித்துக்கொண்டு ஒழுங்கைதோறும் வருவார்கள். ‘சூன் பாண்’ என்பது மக்கள் இட்ட பெயர்.

என்னிடம் பயின்ற இளைஞன் ஒருவனுக்கு முச்சக்கர வண்டி வாங்க வசதியில்லை. மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிப் பாண் விற்கப் புறப்பட்டான். கைப்பேசியை ஒலிபெருக்கியோடு நேரே இணைத்துவிட்டு, மறுநாளே என்னிடம் வந்தான்.

“சேர், ஈ பறக்கிற சத்தந்தான் கேக்குது.”

காதுக்குள் வைக்கும் சிறு கருவியை அசைக்கவே கைப்பேசியின் மின்குறி போதும். பெரிய ஒலிபெருக்கியை அசைக்க இடையில் ஒரு மின்பெருக்கி வேண்டும். வண்டியின் 12 வோல்ற் பற்றறியிலிருந்து அதற்கு வலுப்பெறலாம். ஆனால் பற்றறியின் அருகிலேயே ஓர் உருகி இருத்தல் அவசியம். கம்பி தேய்ந்து இரும்புச் சட்டத்தில் பட்டால், உருகி எரிந்து வண்டியைக் காக்கும். இவற்றையெல்லாம் சொல்லி, இருவருமாகப் பூட்டி முடித்தோம். இசை எழுந்தது.

“இன்னும் கூட்டலாமா சேர்?” என்றான்.

செவிக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற, மின்வலு ஏறக்குறையப் பத்து மடங்காக வேண்டும் என்றேன். பற்றறி அதற்கு ஈடுகொடாது. அதனினும் பெரிய கவலை எனக்கு வேறொன்று. கண்டி வீதியில் பின்னால் வரும் பஸ்ஸின் ஹோன் ஒலி இவன் செவிக்கு எட்டாமற் போனால்?

“ஓடும்போது நிறுத்திவிடு, ஒழுங்கை வாயிலில் நின்று ஒலிக்கவிடு” என்றேன்.

“அதுக்குள்ள மத்த வண்டிக்காரன் வித்துட்டுப் போயிடுவானே?”

விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. அவன் வீட்டு உலை அந்த விற்பனையை நம்பியிருந்தது.

பழந்தமிழ்ப் பாணர் பண் பாடி உணவு பெற்றனர். இவனோ பண் எழுப்பி உணவு தருகிறான். மாலையில் எங்கள் ஒழுங்கை வாயிலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் ஓசை முதலில் கேட்கிறது. அதன் பின்னரே இசை தொடங்குகிறது. அதைக் கேட்ட பிறகுதான் என் மனம் அமைதி அடைகிறது.