மகவைப் பிரிக்கும் அதிகாரம்

செஞ்சி என்றவுடன் இராசகிரியும் கிருட்டிணகிரியுமே நம்மனோர் நினைவில் எழும். அக்கோட்டையின் அடிவாரத்து ஏழைக் குடிகளைத் தொடும் சட்டமொன்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் இவ்வட்டாரத்தினின்று குடும்பத்தோடு பெயர்ந்து செல்வோர் உளர். உடன்சென்ற சிறுவன் சூளையிற் கல்லடுக்கக் காணப்படின், அரசு அவனைப் பெற்றோரினின்றும் பிரிக்கலாமோ?

1920-ஆம் ஆண்டுச் சென்னைச் சிறுவர் சட்டமே இந்தியாவில் இத்துறையில் முதற்கண் எழுந்தது. இன்று நடைமுறையிலுள்ளது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். வேலைக்கு உட்படுத்தப்பட்ட குழந்தையும், கொடுமைக்கு ஆளான குழந்தையும் அதன்படி பாதுகாப்பிற்குரியர். அத்தகைய குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின்முன் நிறுத்தல் வேண்டும். தலைவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட அக்குழுவிற்கு நடுவர்க்குரிய அதிகாரம் உண்டு. செஞ்சிக் குழந்தைக்கு விழுப்புரம் மாவட்டக் குழுவே முடிவுரைக்கும். சமூகப் பணியாளர் 15 நாளில் வீட்டுநிலையை ஆராய்தல் வேண்டும்; இறுதி ஆணைக்கு நான்கு திங்கள் எல்லை.

நாளிதழ்கள் இப்பிரிவை 'மீட்பு' என்றே எழுதுகின்றன. மீட்டலாவது உரியவரிடம் திரும்பச் சேர்த்தலன்றோ! சட்டத்தின் கருத்தும் அதுவே. இல்லத்திற் சேர்த்தலை அது கடைசி வழியாகவே கொள்கின்றது. வறுமை ஒன்றையே காரணமாக்கி மகவைப் பிரித்தலாகாதென ஐக்கிய நாடுகள் அவையும் 2009-இல் நெறி வகுத்தது. வீட்டில் அரிசியின்மை அன்பின்மை ஆகாது. தகுதியுடைய வறிய குடும்பத்துக் குழந்தைக்குத் திங்கள்தோறும் 4000 ரூபாய் அளிக்கும் திட்டமும் உண்டு. ஆயின், எழுத்தறியாத் தாய்க்கு இதனை எவர் சொல்வர்?

அவள் குழுவின்முன் தனித்து நிற்க வேண்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி மகளிர்க்கும் குழந்தைகட்கும் வருமானம் பாராது இலவச வழக்கறிஞர் உதவி உண்டு.