ஸ்கோப்பில் தெரியாத காட்டுமாடு

கொய்யா பறித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா பேரன் செல்போனை மூக்குக்கு நேரே நீட்டினான். ஆப்பிரிக்காவில் எவனோ நானூறு மீட்டர் தள்ளி நிற்கும் மானைச் சுடுகிறான். “தாத்தா, இந்த ஸ்கோப் இருந்தா வரதமாநதி அணையில நின்னுக்கிட்டே மலையில மேயுற காட்டுமாட்டை அடிச்சிரலாமா?”

“அடிச்சா குறைஞ்சது மூணு வருஷம் உள்ள இருக்கணும்டா” என்றேன். 1972 வனவிலங்குச் சட்டத்தில் காட்டுமாடு முதல் பட்டியலில் இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள், கேள்வியே கோணல். மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடையில் 26 வருஷம் பழுது பார்த்தவன் நான். துரைமார் காலத்து ரைஃபிள்கள் துடைக்க வரும். பிரித்துப் போட்டால், அதைச் செய்யச் சொன்னவன் எதற்குப் பயந்தான் என்று தெரிந்துவிடும். தூரத்துக்கு இல்லை. காயம்பட்டு, பத்தடியில் புதருக்குள் நிற்கும் மாட்டுக்கு.

பெரிய காளை ஒரு டன் வரும். முதுகில் மேடாக எழும்பி நிற்பது கொழுப்பல்ல, முதுகெலும்பின் நீண்ட முட்கள். உடம்பின் நடுவைக் குறிவைத்தால் குண்டு உயரே போய்விடும். இதயம் கீழே, முன்னங்காலை ஒட்டிக் கிடக்கிறது. அதை எட்டத் தோலையும் தோள் எலும்பையும் துளைக்க வேண்டும். வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்கு 1907இல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காகப் பரிசளித்த .275 ரிக்பி ரைஃபிள் புலிக்குப் போதும், காட்டுமாட்டுக்குப் போதாது. குண்டிலும் வித்தியாசம் உண்டு. முனையில் ஈயம் தெரிவது உள்ளே போனதும் பூவாய் விரியும்; மானுக்கும் புலிக்கும் அது. யானை மண்டைக்கு முழுக்க உலோக உறை போட்ட ‘சாலிட்’. விரியாமல் நேரே போகும்.

பெரிய மிருகங்களுக்கான ‘நாலு எழுபது’ (.470) தோட்டா என் நடுவிரலைவிட நீளம். குண்டு மட்டும் 32 கிராம். அவ்வளவு பெரிய பித்தளைக் கூடு எதற்கு? கார்டைட் மருந்து நம்மூர் வெயிலில் சூடேறினால் அழுத்தம் கூடும். கூடு சின்னதாக இருந்தால் சுட்டபின் குழலிலேயே இறுகிக்கொள்ளும். மாடு முட்ட வரும்போது கூடு வெளியே வராவிட்டால் என்ன ஆகும்? இரட்டைக் குழலும் அதே பயத்தில் வந்ததுதான்; ஒன்று மக்கர் பண்ணினால் இன்னொன்று. இந்த வகையில் முதலில் .450தான் இருந்தது. பட்டாளத்து மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியும் அதே அளவு. கலகக்காரர் கைக்குக் குண்டு போய்விடும் என்று வெள்ளைக்கார அரசு இந்தியாவுக்குள் .450ஐத் தடுத்தது. கம்பெனிகள் சளைக்காமல் .465, .470, .475 என்று செய்து அனுப்பின.

ஸ்கோப்பா? சோலைக்காட்டில் ஐம்பது கஜம் தாண்டிக் கண் போகாது. அங்கே பக்கத்தில் நிற்பதை நாலு மடங்கு பெரிதாக்கினால் கறுப்பு மயிர்தான் தெரியும். தலையா வாலா என்று தெரியாது. அதனால்தான் அந்தத் துப்பாக்கிகளில் அகலமான ‘வி’ வெட்டும் முன்னால் ஒரு மணியும் மட்டும். கடைக்கு ஒருவர் புருவத்தில் பிளாஸ்திரியோடு வந்தார். ஸ்கோப்பைக் கண்ணுக்கு நெருக்கி மாட்டியிருந்தார்; துப்பாக்கி உதைத்ததில் விளிம்பு கிழித்துவிட்டது.

எங்கள் தாத்தாவிடம் இருந்தது பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய மருந்துத் துப்பாக்கி. வாய்வழியே கரிமருந்து, தேங்காய் நார், ரவை என்று கம்பியால் இடித்து, கேப்பு மாட்டி முடிப்பதற்குள் பன்றி அடுத்த தோப்புக்குப் போயிருக்கும். சத்தத்துக்குத்தான் அது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பெட்டி தூக்குவதுபோல் தோளில் போட்டு நடந்தே போவார்.

இன்று இந்த மலையடியில் அளவு பார்த்துத் துப்பாக்கி எடுப்பவர்கள் வனத்துறை மருத்துவர்கள்தான். மயக்க ஊசி வாயு அழுத்தத்தில் பாய்கிறது. அழுத்தம் கூடினால் ஊசி ஆழமாக இறங்கிக் காயமாக்கும். குறைந்தால் தோலில் பட்டு விழும். ஆகவே முதலில் தூரத்தை அளக்கும் கருவியில் மீட்டரைப் பார்த்து, அதற்கேற்ப அழுத்தம் வைப்பார்கள். யானைத் தோலுக்கு நீள ஊசி. தூரம் காட்டும் கண்ணாடி நிஜமாகவே உதவும் இடம் இது.

பேரனிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்துத் தோப்பில் வெடிச் சத்தம். யானை இறங்கிவிட்டது. பெட்டியை அப்படியே போட்டுவிட்டு, தகர டப்பாவைத் தேடினோம்.