நிலவில் தானாக இறங்கிய விக்ரம்

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு, சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் கலம் நிலவின் தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் பத்திரமாகத் தரை தொட்டது. இஸ்ரோவின் யூடியூப் நேரலையை அப்போது ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 80 லட்சத்துக்கும் மேல். தூர்தர்ஷனில் பார்த்தவர்கள் தனி. திரையில் தெரிந்ததோ ஒரு வரைகோடு, மாறிக்கொண்டே இருந்த சில எண்கள், கணினிகளின் முன் உட்கார்ந்திருந்த பொறியாளர்கள், அவ்வளவுதான். இதைப் பார்த்து நாடே பதறியதற்குத் தக்க காரணம் இருந்தது. இறங்கும் கடைசி 19 நிமிடங்களில் பெங்களூரில் இருந்த எவராலும் அந்தக் கலத்தைக் கையால் இயக்க முடியாது.

நிலவு ஏறத்தாழ 3,84,000 கி.மீ. தொலைவில் இருக்கிறது. ரேடியோ அலை அங்கே போய்ச் சேர 1.3 விநாடி ஆகும், பதில் திரும்பி வர இன்னொரு 1.3 விநாடி. இறங்கத் தொடங்கும்போது கலத்தின் வேகம் விநாடிக்கு 1.68 கி.மீ. கலத்தில் ஒரு கோளாறு நேர்ந்து, செய்தி பூமிக்கு வந்து, கட்டளை திரும்பிப் போவதற்குள் அது நான்கு கி.மீ.க்கு மேல் கடந்திருக்கும். செவ்வாயில் நிலைமை இன்னும் கடினம். 2012இல் நாசாவின் கியூரியாசிட்டி செவ்வாயில் இறங்கியபோது, சமிக்ஞை வந்துசேரவே சுமார் 14 நிமிடம் ஆனது. அது காற்றுமண்டலத்துக்குள் நுழைந்த செய்தி பூமியை எட்டியபோது, அங்கே இறக்கம் முடிந்தே போயிருந்தது.

செவ்வாயில் மெல்லிய காற்றாவது உண்டு, பாராசூட் உதவும். நிலவில் காற்று இல்லாததால் வேகம் முழுவதையும் எஞ்சின்களே குறைத்தாக வேண்டும். விக்ரம் 30 கி.மீ. உயரத்திலிருந்து, ஏறக்குறையப் படுத்த நிலையில், போகும் திசைக்கு எதிராக நான்கு எஞ்சின்களையும் எரித்தபடி வந்தது. வகுத்திருந்த திட்டப்படி 690 விநாடியில் உயரம் 7.4 கி.மீ. ஆகவும் வேகம் விநாடிக்கு 358 மீட்டராகவும் குறைய வேண்டும். அதன்பின் கலம் மெல்ல நிமிர்ந்து 800 மீட்டர் உயரத்துக்கு வர வேண்டும். 150 மீட்டரில் அந்தரத்தில் நின்று, கீழே பாறையோ குழியோ இருக்கிறதா என்று கேமராவால் பார்த்து, இடம் சரியில்லை என்றால் நகர்ந்து கொள்ள வேண்டும். இந்த முடிவுகள் எல்லாம் கலத்தின் கணினியுடையவை.

முன்கூட்டியே எழுதிய கட்டளைப்படி இயந்திரம் இயங்குவது நெசவு ஊரான காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. பிள்ளையார்பாளையத்துத் தறிகளின் மேல் ஏறியிருக்கும் ஜக்கார்டு பெட்டி அதைத்தான் செய்கிறது. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் பாவு இழை எழும்பும், இல்லாத இடத்தில் எழும்பாது. துளை உண்டு, இல்லை என்ற இந்த இரண்டே நிலைகளில் சேலையின் கரையில் அன்னமும் மயிலும் விழுகின்றன. பிரான்சில் 1804 வாக்கில் ஜோசப் மரீ ஜக்கார்டு உருவாக்கிய இந்த முறையைப் பார்த்தே, கணினியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜ் தன் இயந்திரத்துக்குத் துளை அட்டைகளைத் திட்டமிட்டார். நெசவுக்கும் நிலவுக்கும் இதைவிட நெருங்கிய தொடர்பும் உண்டு. மனிதர்களை நிலவில் இறக்கிய அப்பல்லோ கலங்களின் கணினி நினைவகம், அமெரிக்காவின் வால்தம் நகரில் பெண் தொழிலாளர்கள் கையால் பின்னியது. கம்பி காந்த வளையத்துக்குள் நுழைந்து போனால் ஒன்று, வெளியே சுற்றிப் போனால் சுழியம். அந்தப் பெண்களில் சிலர் துணி ஆலைகளில் வேலை பார்த்துப் பழகியவர்கள்.

தறியின் அட்டை சொன்னதை மட்டுமே செய்யும். விக்ரமின் மென்பொருளோ நிலைமை மாறினால் தானே திருத்திக்கொள்ள வேண்டும். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2இன் விக்ரம் தோற்றது இந்த இடத்தில்தான். எஞ்சின்கள் கணக்கிட்டதைவிடச் சற்றுக் கூடுதலாக உந்தின. பிழை சேர்ந்துகொண்டே போயிற்று. வேகமாகத் திரும்பித் திருத்திக்கொள்ள மென்பொருளில் விதித்திருந்த வரம்பு இடம் தரவில்லை. இறங்க ஒதுக்கிய இடமும் 500 மீட்டர் சதுரம் மட்டுமே. விழுந்த கலத்தின் சிதறலை நாசாவின் படங்களில் தேடிக் கண்டுபிடித்தவர் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். பொதுமக்களின் ஆர்வம் அறிவியலுக்குப் பயன்படும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

அடுத்த கலத்தை இஸ்ரோ, என்னென்ன தவறலாம் என்ற கேள்வியிலிருந்தே வடிவமைத்தது. இறங்கும் பரப்பு நீளவாக்கில் 4 கி.மீ., அகலவாக்கில் 2.4 கி.மீ. என விரிந்தது. கால்கள் வலுப்பெற்றன, எரிபொருள் கூடியது, வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி சேர்ந்தது. நிலவின் மேட்டுநிலத்தில் மிகுந்துள்ள அனார்த்தோசைட் வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்களின் உதவியோடு அங்கிருந்து சுமார் 50 டன் மண் இஸ்ரோவுக்குப் போனது. நிலவுத் தரை போலப் பரப்பிய அந்த மண்ணில்தான் கலமும், அதிலிருந்து இறங்கி ஓடும் ஊர்தியும் பழகின. திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்து ரயில்வே தொழில்நுட்ப ஊழியரின் மகன், பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்துத் தொடங்கியவர்.

இறங்கியபின் 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ஊர்தி நூறு மீட்டர் தூரம் ஓடி, மண்ணில் கந்தகம் இருப்பதை உறுதி செய்தது. விக்ரமின் வெப்பமானி, பகலில் 50 டிகிரிக்கு மேல் கொதிக்கும் தரைக்கு வெறும் 8 செ.மீ. கீழே சுழியத்துக்கும் கீழான குளிர் இருப்பதைக் காட்டியது. பூமிக் கணக்கில் சுமார் 14 நாள் நீளும் அந்த நிலவுப் பகல் முடியுமுன் வேலையை முடித்துக்கொண்டு இரண்டும் ஓய்ந்தன.

நிலவு மண்ணை எடுத்துக்கொண்டு பூமிக்குத் திரும்பும் சந்திரயான்-4 திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. இத்தகைய கலங்கள் புறப்படும், சென்னைக்கு வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதைப் பொதுமக்கள் நேரில் காண 2019 முதல் பார்வையாளர் அரங்கு இருக்கிறது. இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். காஞ்சிபுரத்துப் பள்ளிகள் மாணவர்களை ஒருமுறையாவது அங்கே அழைத்துப் போக வேண்டும்.