பேணியில் செய்த விளக்கு

ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி என்று ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது. மரங்கள் குறைவு, காற்று அதிகம். அங்கே லாம் ஹோம் என்ற மிகச் சின்னத் தீவில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு கைதிகள் முகாம் இருந்தது. அதை 'முகாம் 60' என்று அழைத்தார்கள்.

ஆளே இல்லாத தீவில் ஏன் முகாம்? அதை அறிய 1939ஆம் ஆண்டுக்கு ஒருக்கா போய் வருவோம். ஓர்க்னித் தீவுகளுக்கு நடுவே ஸ்காப்பா புளோ என்ற பெரிய கடற்பரப்பு உண்டு. பிரித்தானியக் கடற்படையின் கப்பல்கள் அங்கே நங்கூரம் போட்டு நிற்கும். ஒக்டோபர் 14ஆம் திகதி இரவு, ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தீவுகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய வழியால் சத்தமில்லாமல் உள்ளே வந்தது. 'றோயல் ஓக்' என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது. 800க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது கடற்படைக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த சேர்ச்சில், கிழக்குப் பக்கத்து வழிகளை அடைக்கச் சொன்னார்.

கடலை அடைப்பது லேசான வேலையா? 5 தொன், 10 தொன் எடையுள்ள சீமெந்துக் கட்டைகளை வார்த்துக் கடலில் போட வேண்டும். வேலைக்கு ஆட்கள் போதவில்லை. அதனால் வட ஆபிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியப் படைவீரர்களை 1942இல் கொண்டுவந்தார்கள். லாம் ஹோமுக்கு மட்டும் ஏறக்குறைய 550 பேர். பாலைவன வெயிலில் நின்றவர்களுக்கு அந்தக் குளிர் எப்படி இருந்திருக்கும்!

ஆனால் அவர்கள் சும்மா தலையாட்டிக்கொண்டு வேலை செய்யவில்லை. கைதிகளைப் போர் வேலையில் ஈடுபடுத்தக் கூடாது என்று ஜெனீவா உடன்படிக்கை சொல்கிறது. "இது போர் வேலைதானே, நாங்கள் செய்யமாட்டோம்" என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். அதிகாரிகளோ, இது தீவு மக்கள் போய்வருவதற்கான பாதை என்றார்கள். கெட்டிக்காரப் பதில்தான்! மறுபடி வேலை நடந்தது.

முகாமில் கைதிகளுக்கு வழிபட ஓர் இடம் இல்லை. அவர்கள் கேட்டதால், 1943இல் இரண்டு அரைவட்டத் தகரக் குடில்கள் கிடைத்தன. இரண்டையும் ஒன்றாகப் பொருத்தினார்கள். டொமெனிக்கோ கியொக்கெத்தி என்ற கைதி ஓவியர். தாய் கொடுத்த ஒரு சின்ன மாதா படத்தை அவர் போர் முழுவதும் கூடவே வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் பீடத்துக்குப் பின்னால் மாதாவையும் குழந்தை இயேசுவையும் வரைந்தார். சுவரைப் பார்த்தால் செங்கல், செதுக்கிய கல் போலத் தெரியும். கிட்டப் போய்ப் பாருங்கோ, தட்டையான பலகை; எல்லாம் வெறும் வர்ணம்! பலும்பி என்ற கைதி இரும்பில் அழகான தடுப்பு ஒன்று செய்தார். விளக்குகள்? சாப்பிட்டு முடித்த மாட்டிறைச்சிப் பேணிகளை வெட்டிச் செய்தவை. வெளியே நிற்கும் புனித ஜோர்ஜ் சிலையோ முள்ளுக்கம்பியால் செய்து, மேலே சீமெந்து பூசியது.

1944 செப்டம்பரில் கைதிகள் தீவை விட்டுப் போனார்கள். கியொக்கெத்தி மட்டும் மிச்ச வேலையை முடிக்க இன்னும் சில நாள் நின்றார். கடல் அணைகள் 1945 மே 12ஆம் திகதிதான் திறக்கப்பட்டன. ஐரோப்பாவில் போர் முடிந்து அப்போது நாலு நாள்! இன்று அவை உண்மையாகவே பாதைகள்தான். மேலே கார்கள் ஓடுகின்றன.

உப்புக்காற்றில் கோவில் பழுதானபோது, 1960இல் கியொக்கெத்தி திரும்பி வந்து ஓவியங்களைத் திருத்தினார். முகாமின் மற்றக் குடில்கள் இப்போது இல்லை. கோவிலும் சிலையும் நிற்கின்றன.